குண்டு துளைக்காத சட்டை தொடையை மறைக்காது

கேள்வி: மார்ச் 2, 2025

நிருபர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடத்த வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் பேச்சு ஓடுகிறது. எனக்குப் புரியவில்லை. முதலுதவி என்பது டாக்டர், நர்ஸ் வேலை. 108-க்குப் போன் போட்டால் வரப் போகிறார்கள். இருக்கிற காசில் ஆளுக்கொரு ஹெல்மெட்டும் குண்டு துளைக்காத சட்டையும் வாங்காமல், பொம்மையை அமுக்கக் கற்றுக்கொண்டு என்ன ஆகப் போகிறது? போர்முனைக்குப் போகிறவர் கற்றுக்கொள்ளட்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிற நமக்கு எதற்கு?

பதில்: மார்ச் 2, இரவு

சட்டை மார்பையும் முதுகையும் மறைக்கும். தொடையை மறைக்காது. அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எதையும் மறைக்காது.

2011 ஏப்ரல் 20, லிபியாவின் மிஸ்ரட்டா. கடாபியின் படை ஊரை வளைத்திருந்தது. உள்ளே போகவும் வெளியே வரவும் கடல் வழி மட்டும்தான். பெங்காசியிலிருந்து படகில் போன புகைப்படக்காரர்கள் சிலர் திரிப்போலி தெருவில் நடந்த சண்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு ஒன்று பக்கத்தில் விழுந்தது. கிறிஸ் ஹோண்ட்ரோஸுக்குத் தலையில் அடி. டிம் ஹெதரிங்டனுக்குத் தொடை இடுக்கில் சிதறல் பாய்ந்து பெரிய ரத்தக்குழாய் அறுந்தது. கூட இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் காயம். ஹெதரிங்டனை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரட்டினார்கள். போகும் வழியிலேயே ரத்தம் போய்விட்டது. ஹோண்ட்ரோஸும் அன்றைக்கே இறந்தார்.

ஹெதரிங்டனின் நெருங்கிய நண்பர் செபாஸ்டியன் ஜங்கர், எழுத்தாளர். அந்தக் காயத்தோடு பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, பக்கத்தில் ஒருவருக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் போதும் என்று பின்னால் அவருக்குத் தெரிய வந்தது. 2012-ல் ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் ஆட்களுக்கு மட்டும், இலவசமாக, சில நாள் பயிற்சி. முதல் வகுப்பு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்தது. முடித்துப் போகும்போது ஒரு மருத்துவப் பையும் கொடுத்தார்கள்.

அந்த அமைப்பின் முழுப் பெயரிலேயே சேதி இருக்கிறது: சக ஊழியரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற நிருபர்கள். தன்னை அல்ல, பக்கத்தில் நிற்பவரை. நான் பயிற்சி எடுத்ததால் எனக்கு நேரடி லாபம் இல்லை, என் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் லாபம். அவர் எடுத்தால் எனக்கு லாபம். சங்கம் கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால், அடிபடுவது அவராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது?

மார்ச் 3, காலை

கலெக்டர் ஆபீஸ் வாசல் பற்றி. தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் வாசலும் 2018 மே 22 காலை வரைக்கும் வெறும் வாசல்தான். ஸ்டெர்லைட் போராட்டத்தின் 100-வது நாள் ஊர்வலம், மனு கொடுப்பார்கள், நாலு படம், ஒரு பேட்டி என்று நினைத்துப் போனவர்கள்தான் அங்கே நின்ற நிருபர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பொதுமக்கள் 13 பேர் போனார்கள்.

மார்ச் 3, மதியம்

108 வரும். மறுக்கவில்லை. ஆனால் கல்லெறி நடக்கும் தெருவுக்குள் வண்டி வராது, வரவும் கூடாது. முனையில் நிற்கும். முனைவரைக்கும் யார் தூக்கிப் போவது, போகும்வரை ரத்தத்தை யார் பிடித்துக்கொள்வது?

உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெரிய ரத்தக்குழாய் முழுசாக அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வராது, அமெரிக்காவிலும் வராது.

மார்ச் 3, இரவு

பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் போனது டெல்லிக்கு வெளியே ஒரு விடுதியில் நடந்தது. எழுத்தில் படித்துக் கற்கிற விஷயம் இல்லை இது, ஆனாலும் சொல்கிறேன்.

முதல் பாடம் யாருக்கும் பிடிக்காது: காயம்பட்டவரிடம் ஓடாதே. நின்று பார். அவரை அடித்தது இன்னும் அங்கேயே இருக்கிறதா? துப்பாக்கியா, கம்பியில் மின்சாரமா, இடிகிற சுவரா? நீயும் விழுந்தால் காயம்பட்டவர் இரண்டு, காப்பாற்ற ஆள் பூஜ்யம்.

அடுத்தது வரிசை. பள்ளிக்கூடத்தில் முதலில் மூச்சைப் பார் என்றுதான் படித்தோம். இங்கே முதலில் பாய்ந்து வரும் ரத்தம். அப்புறம் மூச்சுப் பாதை, அப்புறம் மார்புக் காயம், அப்புறம்தான் மற்றது. கடைசியில் குளிர். ரத்தம் போன உடம்பு நம் ஊர் வெயிலிலும் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் ரத்தம் உறையாது. அதனால் போர்த்து, தரையிலிருந்து தூக்கி எதன் மேலாவது படுக்க வை. மே மாதத்தில் போர்வையா என்று சிரித்தோம். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

கையிலோ காலிலோ ரத்தம் பாய்ந்தால் டூர்னிகெட், அதாவது தடியை வைத்து முறுக்கி இறுக்கும் பட்டை. காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலிக்கும். வலிக்கிறது என்று கத்துவார், தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார். தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அதன் மேலேயோ நெற்றியிலோ எழுத வேண்டும்.

டூர்னிகெட் போட முடியாத இடங்கள் தொடை இடுக்கு, அக்குள், கழுத்து. ஹெதரிங்டனுக்குப் பட்டது அந்த மாதிரி இடம். அங்கே காஸ் துணியை, அதாவது புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணியை, காயத்துக்குள் விரலால் திணித்து, அடிவரைக்கும் அடைத்து, மேலே இரண்டு கையாலும் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். எட்டிப் பார்க்கக் கையை எடுக்கக் கூடாது.

திணிப்பதைப் பழக ஆட்டுத் தொடை கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கறிக்கடையில் வாங்கியது. அதில் கத்தியால் ஆழமாகத் துளை போட்டு, உள்ளே ரப்பர் குழாய் செருகி, மறுமுனையில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஒருவர் அமுக்கிக்கொண்டே இருப்பார். தலையணைக்குப் பஞ்சு அடைப்பது போல மேலோட்டமாக அடைத்தால் பக்கவாட்டில் பீறிட்டு வந்துகொண்டே இருக்கும். விரல் நுனியால் குழாய் எங்கே துடிக்கிறது என்று தடவித் தேடி, அந்த இடத்தில் முதல் மடிப்பை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்த மடிப்பை இறக்கினால்தான் நிற்கும். ஒரு முழுச் சுருள் துணி உள்ளே போய்விட்டது. அவ்வளவு போகும் என்று கண்ணால் பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 4

இல்லை, அந்த ஆட்டுத் தொடையை யாரும் சமைக்கவில்லை. இந்தக் கேள்வியை இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 4, இரவு

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா நீளமாக எழுதியிருக்கிறார், எல்லோரும் படியுங்கள். நான் மேலே சொன்னதோடு அவர் இரண்டைச் சேர்க்கிறார். ஒன்று, வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் துணியைத் திணிக்கக் கூடாது. திணிப்பது இடுக்கு, அக்குள், கழுத்து, கை கால் காயங்களுக்கு மட்டும். இரண்டு, நெற்றியில் நேரத்தை எழுதுங்கள், ஆனால் ஒப்படைக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். கூட்டத்தில் யாரும் நெற்றியைப் படிப்பதில்லையாம்.

கட்டினால் கால் போய்விடும் என்று அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்களே என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் தியேட்டரில் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கட்டித்தான் வைக்கிறார்கள், எழுந்து நடந்துதான் போகிறார்கள் என்கிறார். நான் ஒன்று சேர்க்கிறேன். 2006-ல் பாக்தாதில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் டூர்னிகெட் போட்டு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ரத்தம் குறைந்து உடம்பு செயலிழக்கத் தொடங்கும் ஷாக் நிலைக்குப் போகும் முன் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கட்டலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கிற நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

மார்ச் 5

ஒருவர் கேட்கிறார்: பாம்புக்கடிக்கும் இப்படி இறுகக் கட்டலாமா?

கூடவே கூடாது. நல்லவேளை கேட்டீர்கள். நம் சினிமாவில் பாம்பு கடித்ததும் கதாநாயகன் தாவணியைக் கிழித்து இறுகக் கட்டி, கத்தியால் கீறி, வாயால் உறிஞ்சித் துப்புவார். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றுமே தப்பு. கை காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஆக, இறுகக் கட்டுவது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கட்டக் கூடாத இடத்தில் கட்டுகிறோம். பைக் விபத்தில் தொடை பிளந்து கிடப்பவருக்கோ கட்டாமல் சோடா வாங்கிக் கொடுக்கிறோம்.

சோடாவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாகப் போக வேண்டியிருக்கும்.

மார்ச் 5, மாலை

பெல்ட்டால் கட்டலாமா, கேமரா வாரால் கட்டலாமா என்று போட்டோகிராபர் நண்பர் ஒருவர் விடாமல் கேட்கிறார். பயிற்சியில் நாங்களும் கேட்டோம், முயன்று பாருங்கள் என்று விட்டார்கள். தோல் பெல்ட் விறைப்பாக இருக்கும், முறுக்க முடியாது. கேமரா வார் தோளில் உறுத்தாமல் இருக்க மெத்தை வைத்துத் தைத்தது, அந்த மெத்தையே அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. என்னுடைய வாரில் பிளாஸ்டிக் கொக்கி வழுக்கிக்கொண்டே வந்தது.

வேறு வழியே இல்லையென்றால் துணி. இரண்டு விரல் அகலத்துக்கு மடித்த வலுவான துணி, ஒரு முடிச்சு, அதன் மேல் முறியாத குச்சி, இன்னொரு முடிச்சு, முறுக்கு, முறுக்கியது திரும்பாதபடி குச்சியைக் கட்டு. பருத்தி வேட்டிக் கிழிசல் நன்றாகவே வேலை செய்கிறது. பேனாவை வைத்து முறுக்கினால் பேனா முறியும். முறிந்தது.

மார்ச் 6

ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்கு டூர்னிகெட் கிடைக்கிறது, ஒரு டஜன் வாங்கிவிடலாமா என்று சங்கப் பொருளாளர் கேட்கிறார். வாங்காதீர்கள். நல்ல ராணுவ வகை ஒன்று சுமார் 30 டாலர் வரும். மலிவாக வருவது அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் போலி. உக்ரைன் போரில் இந்தப் போலிகள் மூட்டை மூட்டையாக உள்ளே வந்து பெரிய பிரச்சினை ஆனது. முறுக்கும் தடி வளைந்துவிடும், அல்லது ஒட்டும் பட்டை பிரிந்துவிடும். பழகுவதற்கு வேண்டுமானால் ஒன்று வாங்கி, அதன் மேல் பழக்கத்துக்கு மட்டும் என்று பெரிதாக எழுதி வையுங்கள். பையில் வைக்காதீர்கள். பழகப் பயன்படுத்திய நல்லதையும் பையில் வைக்க வேண்டாம், பல தடவை முறுக்கியதில் தளர்ந்திருக்கும்.

மார்ச் 6, இரவு

சட்டைக்குத் திரும்ப வருகிறேன். கேள்வி கேட்டவர் கோபமாக இருக்கிறார், சட்டையே வேண்டாம் என்று நான் சொன்னதாக. அப்படிச் சொல்லவில்லை. எந்தச் சட்டை என்று கேளுங்கள் என்கிறேன். சட்டைக்குள் தைத்த மெத்தென்ற தகடு கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும். போலீஸும் துணை ராணுவமும் வைத்திருப்பது ரைபிள். அதைத் தாங்க மார்பிலும் முதுகிலும் கனமான தகடு செருக வேண்டும். அப்போது எடை 10 கிலோவைத் தொடும், கூடவும் போகும். சித்திரை வெயிலில் அதைப் போட்டு, இரண்டு கேமராவும் மாட்டி, ஓடிப் பாருங்கள். குண்டுக்கு முன் வெயில் சாய்த்துவிடும்.

அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே 2022 மே 11 அன்று பாலஸ்தீனத்தின் ஜெனினில் பிரஸ் என்று எழுதிய சட்டையும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் நின்றார். தலையில், ஹெல்மெட் மறைக்காத இடத்தில் பட்டது.

நம் ஊருக்கு முதலில் வேண்டியது ஹெல்மெட். அதிலும் கல்லடிக்கும் லத்திக்கும் தாங்கும் சாதாரண ஹெல்மெட், அதோடு கண்ணைக் காக்கும் கண்ணாடி. இதில் கேள்வி கேட்டவரும் நானும் ஒரே கட்சி.

மார்ச் 7

கண்ணாடி எதற்கு என்பதற்கு: போர் நிருபர் மேரி கொல்வின். 2001 ஏப்ரலில் வன்னிக்குள் போய் எழுதிவிட்டு, புலிகள் பகுதியிலிருந்து அரசுப் பகுதிக்கு இருட்டில் கடந்து வரும்போது ராணுவம் சுட்டது. சிதறல் பட்டு இடது கண் போனது. அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கறுப்புப் பட்டி. 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸில் ஷெல் விழுந்து இறந்தார், கூடவே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும். அதே இடத்தில் கொல்வினோடு போன புகைப்படக்காரர் பால் கான்ராயின் கால் கிழிந்தது. அவர் முன்னாள் ராணுவ ஆள். கையில் கிடைத்ததை வைத்துத் தன் காலைத் தானே கட்டிக்கொண்டார். பிழைத்தார்.

கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அழுத்தக் கூடாது, கழுவவும் கூடாது. காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டி அனுப்ப வேண்டும். டீக்கடை இல்லாத போராட்டம் தமிழ்நாட்டில் கிடையாது, கப்புக்குப் பஞ்சமில்லை.

மார்ச் 7, மாலை

கழுவக் கூடாது என்றது குத்திய காயத்துக்கு. கண்ணீர்ப் புகைக்குக் கழுவத்தான் வேண்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறையத் தண்ணீர், சும்மா தண்ணீர். காற்று வரும் திசையைப் பார்த்து, அதை எதிர்த்து நகர வேண்டும். கண்ணைத் தேய்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குச் சாதாரண மூக்குக் கண்ணாடி போட்டுப் போங்கள். வெங்காயம், வினிகர், டூத்பேஸ்ட் எல்லாம் மனசு ஆறுதலுக்கு. வெங்காயத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு ஒருவர் என் பக்கத்தில் நின்றார். புகையும் எரிந்தது, வெங்காயமும் எரிந்தது.

வீட்டுக்குப் போனதும் அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், குழந்தையைத் தூக்கும் முன் குளியுங்கள். துணியில் ஒட்டியிருப்பது வீட்டுக்குள்ளும் கிளம்பும்.

மார்ச் 8

ஒரு பெண் நிருபர் எழுதியிருப்பதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் போன பயிற்சியில் உடம்பைத் தடவிக் காயம் தேடும் பாடம் வந்தபோது, இருபது ஆண்களுக்கு நடுவில் அவரையே பொம்மையாகப் படுக்கச் சொன்னார்களாம். மறுத்ததும், களத்தில் வெட்கம் பார்த்தால் ஆகுமா என்றார்களாம்.

இந்தப் பயிற்சிகளை வடிவமைத்தவர்களில் பெரும்பாலானோர் முன்னாள் ராணுவத்தினர், ஆண்கள். குண்டு, கண்ணிவெடி, சோதனைச் சாவடி எல்லாம் இருக்கும். கூட்டத்துக்குள் நாலு பேர் சூழ்ந்து கை வைத்தால் என்ன செய்வது என்பது பல இடத்தில் இருக்காது. 2011-ல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் பெண் நிருபர்களைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியதற்குப் பிறகுதான் பல இடத்தில் அந்தப் பாடத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் அரசியல் கூட்டத்துக்குப் போகும் எந்தப் பெண் நிருபரைக் கேட்டாலும் அந்தப் பாடத்தை அவரே நடத்துவார். சுவர்ப் பக்கம் நில், வெளியேறும் வழியை முதலில் பார், தனியாகக் கூட்டத்தின் நடுவுக்குப் போகாதே.

உடம்பைத் தடவித் தேடுவது அவசியம்தான். ரத்தம் பேண்ட்டுக்குள்ளேயே தேங்கிவிடும், வெளியே தெரியாது. ஆனால் அதைப் பெண்ணுக்குப் பெண் பழகலாம், இல்லையென்றால் பொம்மையில் பழகலாம். இதில் என்ன கஷ்டம்?

மார்ச் 8, இரவு

கடத்தல் நாடகம் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், சில பயிற்சிகளில் உண்டு. பஸ்ஸை நிறுத்தி, முகமூடி போட்டு, தலையில் சாக்கு மாட்டி, முட்டி போட வைப்பார்கள். எனக்கு அதில் பெரிய பயன் தெரியவில்லை. ஏற்கெனவே அடி வாங்கியவர்களுக்குப் பழைய பயத்தைக் கிளறிவிடும். எங்கள் குழுவில் வடகிழக்கிலிருந்து வந்த ஒருவர் சாக்கைப் பார்த்ததுமே வெளியே போய் உட்கார்ந்துவிட்டார், சாயங்காலம்வரை யாரோடும் பேசவில்லை. நடத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவரை விட வேண்டும்.

மார்ச் 9

மேலே எழுதியதை இரண்டாம் முறை யோசித்தேன். நான் ரத்தம் ரத்தம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் நாட்டில் நிருபர் சாவது பெரும்பாலும் குறுக்கே வந்த குண்டில் அல்ல. தேடி வந்து கொல்கிறார்கள். முகேஷ் சந்திராகர், சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியின் பீஜாப்பூர். சாலைப் பணி ஊழலை வெளியே கொண்டுவந்தவர். 2025 ஜனவரி 1 அன்று வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. 3-ம் தேதி ஒரு ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான இடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குள் உடலை எடுத்தார்கள். இதற்கு எந்தக் காஸ் துணி உதவும்?

அதே பஸ்தரில் 2018 அக்டோபர் 30 அன்று தூர்தர்ஷன் கேமராமேன் அச்சுதானந்த சாஹு, போலீஸாரோடு போனபோது மாவோயிஸ்டுகள் தாக்கியதில் இறந்தார். படையோடு போனால் பாதுகாப்பு என்று தோன்றும். குறிபார்ப்பவனுக்கு நீயும் படைதான். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கியும் அப்படித்தான், 2021 ஜூலை 16, ஸ்பின் போல்டாக், ஆப்கன் சிறப்புப் படையோடு. சிதறல் பட்டு அதற்குச் சிகிச்சையும் நடந்த பிறகுதான் கொல்லப்பட்டார்.

அதனால் பயிற்சியின் முதல் பாதி முதலுதவியே இல்லை. கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுவது: எங்கே போகிறேன், யாரைப் பார்க்க, எந்த வண்டி, எத்தனை மணிக்குப் போன் செய்வேன், செய்யாவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து யார் யாருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் செய்தி அலுவலக டெஸ்க்கில் ஒருவரிடம், வீட்டில் ஒருவரிடம். சலிப்பான வேலை. நானே பல தடவை வாட்ஸ்அப்பில் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம், எத்தனை மணிக்கு மேல் தேடத் தொடங்க வேண்டும் என்பது, கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயாவது சிக்னல் இல்லாமல் இருப்பான் என்று காலை வரைக்கும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

மார்ச் 9, மாலை

கோவை நண்பர்: பெரிய நிறுவனங்கள்தானே பணம் கட்ட வேண்டும்?

கட்ட வேண்டும். 2014-ல் ஜேம்ஸ் ஃபோலியும் ஸ்டீவன் சாட்லாஃபும் சிரியாவில் கொல்லப்பட்டார்கள். இருவரும் ஃப்ரீலான்ஸ். அடுத்த பிப்ரவரியில் உலகின் பெரிய செய்தி நிறுவனங்களும் ஃப்ரீலான்ஸ் அமைப்புகளும் சேர்ந்து பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஏகாஸ் கூட்டணி. சொந்த ஊழியருக்கு என்ன பாதுகாப்போ அதையே வெளியாளுக்கும் கொடு, பயிற்சி இல்லாதவரை அனுப்பாதே என்பது சாரம். லண்டனில் ரோரி பெக் அறக்கட்டளை ஃப்ரீலான்ஸ் ஆட்களின் பயிற்சிச் செலவுக்கே உதவித்தொகை தந்திருக்கிறது. ரோரி பெக் 1993-ல் மாஸ்கோவில் சண்டைக்கு நடுவே சுடப்பட்டு இறந்த ஃப்ரீலான்ஸ் கேமராமேன்.

இங்கே நிலைமை உங்களுக்கே தெரியும். செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் தாலுகா நிருபருக்கு அடையாள அட்டை கிடைப்பதே பெரிய விஷயம். ஒரு பெரிய வெள்ளத்தின்போது எனக்கு வேலை கொடுத்த டெஸ்க்கிலிருந்து இரவு வந்த செய்தி: இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுங்கள், விஷுவல் நன்றாக இருக்கும். பக்கத்தில் டிரான்ஸ்பார்மர். நான் மொட்டை மாடியிலிருந்து எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை.

மார்ச் 10

வெள்ளத்தைப் பற்றி மூன்று வரி, அதற்குத் தனி இழை போடலாம். தண்ணீருக்குள் நடக்கும்போது கம்பால் தடவிக்கொண்டே நட, திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்த மின்கம்பம், தொங்கும் கம்பி அருகே தண்ணீரில் கால் வைக்காதே, அறுந்தாலும் மின்சாரம் இருக்கும். காலில் புண்ணோடு பல நாள் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம், போகும் முன்பே டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேள்.

மார்ச் 12

அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ் கேஸ், கோர்ட் அலைச்சல் என்ற பயம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. சாலை விபத்துக்குச் சட்டம் தெளிவு. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாகச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவியவரை வழக்கில் இழுக்க முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நிருபர் வேலையில் பாதி பைக்கில்தான் கழிகிறது. நீங்கள் கற்றுக்கொண்டதைப் போராட்டத்தில் பயன்படுத்துவதற்கு முன் ஏதாவது ஒரு பைபாஸ் ரோட்டில் பயன்படுத்தியிருப்பீர்கள்.

படம் எடுப்பதா, கை கொடுப்பதா என்று ஒருவர் தத்துவமாகக் கேட்டிருக்கிறார். கை கொடுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையென்றால் கை கொடு. 108 ஆட்கள் வந்ததும் விலகி நின்று எடு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மார்ச் 15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். சங்கத்தில் நடத்துவது என்று முடிவாகிவிட்டதாம், ஹெல்மெட்டும் வாங்குகிறார்களாம். எப்படி நடத்துவது என்கிறார்.

டெல்லியிலிருந்து ஆள் வேண்டாம். உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவில் கேளுங்கள், 108 ஊழியர்களைக் கேளுங்கள். காலையில் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக விடாதீர்கள், மற்றதெல்லாம் கையால் செய்வதாக இருக்கட்டும். டூர்னிகெட்டை ஒவ்வொருவரும் தன் காலில் ஒரு கையால் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு. கடைசியில் இருட்டில், சத்தத்தை அலற விட்டு ஒரு ஒத்திகை. எங்களுக்கு அதில்தான் உண்மை தெரிந்தது. வெளிச்சத்தில் கச்சிதமாகச் செய்தவர்கள் இருட்டில் பையின் ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால் பையை எல்லோரும் ஒரே இடத்தில், இடது இடுப்பில் என்றால் இடது இடுப்பில், மாட்டுவது என்று பேசி வையுங்கள்.

ஒரு தடவையோடு விட்டால் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். பொதுக்குழு நடக்கும்போதெல்லாம் அரை மணி ஒதுக்குங்கள்.

பெயர் கொடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன், எல்லாம் ஆண்கள். உங்கள் மாவட்டத்தில் குறைந்தது நாலு பெண்கள் களத்தில் இருப்பது எனக்கே தெரியும். அவர்களைக் கூப்பிடுங்கள், நர்ஸ் அக்காக்களில் இருவரையும் பயிற்சிக்குக் கேளுங்கள். டிரைவர்களையும் சேருங்கள். வண்டியை ஓட்டுகிறவருக்கு மருத்துவமனை எந்தப் பக்கம், எந்த மருத்துவமனையில் இரவில் சர்ஜன் இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும்.